தலைகீழாய் நடந்த ஆடு

என் மகள் எட்டாம் வகுப்புப் படித்தபோது, கீழக்கரையில் அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பொருட்காட்சி வைத்தார்கள். ஊசித்துளைக் காமிரா செய்து வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. காமிராவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

என் கணவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின் ஒன்று காலியாக இருந்தது. அதன் அடியில் ஆணியால் துளை போட்டோம். திறந்த வாயில் தேங்காய் எண்ணெய் தடவிய காகிதத்தை ஒட்டினோம். கிழிந்த குடையின் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மகள் துளையை முற்றத்தின் பக்கம் திருப்பிவைத்துக் காகிதத்தைப் பார்த்தாள்.

"உம்மா, ஆடு வானத்துல நடக்குது!"

நானும் பார்த்தேன். எங்கள் ஆடு நிஜமாகவே கால்கள் மேலே இருக்க நடந்தது. முருங்கை மரம் மேலிருந்து கீழே தொங்கியது. துளை கோணலாக விழுந்துவிட்டதென்று நினைத்து, பக்கத்தில் இன்னொன்று போட்டேன். இப்போது இரண்டு ஆடுகள், இரண்டும் தலைகீழாக. அவசரமாக மெழுகு வைத்து அதை அடைத்தேன்.

விடுப்பில் வந்திருந்த கணவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா? பெட்டியைக் கவுத்துப் புடிச்சா நேராகிப் போவுது. இங்கன குடு."

கவிழ்த்துப் பிடித்துத் துணிக்குள் தலையை நுழைத்தார். துணிக்குள்ளேயே பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினார். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"இப்பவும் அப்படித்தான் இருக்கு. இதைத் தூக்கிட்டுப் போனா புள்ளையப் பாத்து எல்லாரும் சிரிப்பாக."

வேறொன்று செய்ய நேரமில்லை. நானே துப்பட்டியைப் போட்டுக்கொண்டு அவளுடன் பள்ளிக்குப் போனேன். டீச்சர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கே!" என்றார்.

"தலைகீழாத் தெரியுதே, டீச்சர்?"

"அப்படித்தாம்மா தெரியணும். வெளிச்சம் நேராத்தான் போகும். மேல இருந்து வர்றது துளை வழியாக் கீழ போய் விழும், கீழ இருந்து வர்றது மேல போயிரும். நம்ம கண்ணுக்குள்ளயும் எல்லாம் தலைகீழாத்தான் விழுது."

முதலில் சொன்னது ஒருவாறு புரிந்தது. கடைசியில் சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் எதிரே வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. டீச்சர் சொன்னதை நான் சொல்லக் கேட்ட கணவருக்கு அதில் கவனமே இல்லை. "கண்ணுக்குள்ள தலைகீழா விழுந்தா, பாக்குறப்ப எப்படி நேராத் தெரியுது?" என்று மகளைக் கேட்டார். அவள் மறுநாள் டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னாள்: "அது மேல்வகுப்புப் பாடமாம், வாப்பா."

எட்டோடு அவள் படிப்பை நிறுத்திவிடலாமென்று எங்கள் வீட்டில் அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. கப்பலேறுவதற்கு முன்பு அவர் என்னிடம், "அடுத்த வருசமும் போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. மகள் மேலே படிக்கட்டும் என்று நினைத்தாரா, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும் என்று நினைத்தாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.