ஒற்றைக் கோடு

கொளஞ்சியப்பன் நடந்தால் காதுதான் முன்னால் போகும். சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி ஓடும் பெல்ட்டின் ஓரமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு ரோலராகச் சத்தம் கேட்டபடி போவார். ரோலர் முனகினால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஓடட்டும், கவனித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். கிறீச்சிட்டால் இரண்டு கோடு, அடுத்த ஷட்டவுனில் மாற்ற வேண்டும். பெருக்கல் குறி என்றால் பெல்ட்டை அந்த நிமிடமே நிறுத்தியாக வேண்டும். பயத்தில் எல்லாவற்றுக்கும் பெருக்கல் போடும் புது ஆட்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "நல்லா ஓடிக்கினு இருக்கிறத ஏம்பா கழட்டுற? பக்கத்துல இருக்கிறதும் சேந்து கெடும்."

அப்பேர்ப்பட்டவருக்கு ரத்தப் புற்றுநோய். கழுத்தில் சுண்டைக்காய் அளவில் இரண்டு கட்டிகள். புதுச்சேரி டாக்டர் தேவயானி மரபணுச் சோதனை வரைக்கும் செய்து பார்த்துவிட்டு, ஆபத்து குறைந்த வகைதான், இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அதுதான் மனிதரைத் தின்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் பழக்கமான கான்ட்ராக்ட் தொழிலாளி நல்லசாமிக்கும் இதே நோய்தான். ஆனால் வேகமாகப் பரவும் ரகம் என்பதால் மருந்து ஏறுகிறது. "கான்ட்ராக்ட் ஆளுக்குக் குடுக்கறாங்க. பர்மனென்ட்டு, எனக்கு இல்லியாம்!" என்று குடியிருப்பு பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பயம்தான், வேறென்ன.

குவார்ட்டர்ஸில் கால் தரிப்பதில்லை. ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார். எந்நேரமும் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவுகிறாரே என்று மனைவி செந்தாமரை கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இப்போது ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்க்கிறார்.

இன்று டாக்டரிடம் சண்டைக்கே நின்றுவிட்டார். "பெரிய மருந்தா இப்பவே போட்டு உட்டுடுங்கம்மா. நான் தாங்குவேன்."

"தாங்குவீங்க. ஆனா அது நல்ல அணுவையும் சேத்துத்தான் அடிக்கும். தேவையில்லாதப்ப எதுக்கு? உங்களது வேகம் எடுத்தா ஒரு நாள் கூட சும்மா இருக்க மாட்டேன்."

கொளஞ்சியப்பன் ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நெய்வேலி வரும்வரை தலையைச் சாய்த்து பஸ் எஞ்சின் சத்தத்தையே கேட்டபடி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையில் துழாவிச் சாக்பீஸை எடுத்தார். ஆஸ்பத்திரி ஃபைலின் கறுப்பு அட்டையில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

"அப்பாடா! இனிமேவாவது ஒரு இடத்துல ஒக்காருங்க" என்றாள் செந்தாமரை.

உட்கார்ந்தார். சாக்பீஸை மட்டும் பைக்குள் போடவில்லை.