வெயில் குடிக்கும் இயந்திரம்

எண்பதுகளில் நானும் என் ரேடியோ கடைக் கூட்டாளியும் குட்டி நீர்மூழ்கி ஒன்று செய்தோம். அதன் முதுகில் சூரியத் தகடு. பேட்டரி இறங்கினால் தானே மேலே வந்து வெயிலில் மிதக்கும், ஏறியதும் மூழ்கிவிடும். ஆளே தேவையில்லை என்று பீற்றிக்கொண்டோம்.

மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையில் அதை விட்டோம். மேலே வரும்போது ஆகாயத்தாமரைப் படர்வுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இலைகள் ஓரிடத்தில் நடுங்கின. எனக்கு நீச்சல் தெரியாது.

“இரு மச்சான், தள்ளிவுட்டுட்டு வாரேன் லா,” என்று கூட்டாளி இறங்கி மூழ்கினான்.

சற்று நேரத்தில் இயந்திரம் படர்வைத் தாண்டி வந்து மிதந்தது. இலைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. பிறகு அடங்கின.

ஆட்கள் வந்து அவனைத் தேடிக்கொண்டிருந்தபோது, பேட்டரி ஏறிய இயந்திரம் தன்பாட்டுக்கு மூழ்கிப்போனது.