சனிக்கிழமைத் தெருவும் மாடி போர்ஷனும்

சனிக்கிழமை மதியம் நான் சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறுவேன். அடுத்த நிறுத்தம் தாம்பரம். அவள் கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாக பஸ்ஸில் வந்து மேற்குப் பக்கம் இறங்குவாள். மிசோரத்துக்காரி. சிறுசேரி ஐ.டி. ஆபீஸில் எனக்குப் பக்கத்து இருக்கை. கேளம்பாக்கத்தில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அந்த மேற்குப் பக்கம், தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய தெருவை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தது அவள்தான். வாரம் ஒரு கடையில் சாப்பாடு, அப்புறம் கால் போன போக்கு.

நான் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் அந்தத் தெருவில் செருப்புக் கடையையும் மருந்துக் கடையையும் தவிர எதற்குள்ளும் நுழைந்ததில்லை. ஆந்திரா மெஸ்ஸின் பருப்புப்பொடியை அவளோடுதான் முதலில் சாப்பிட்டேன். மலையாளி டீக்கடையில் பழம்பொரி, ஒடியாக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கும் ரொட்டிக் கடை, பாய் கடை பிரியாணி, நேபாளி ஒருவர் தள்ளுவண்டியில் விற்ற மோமோ. மோமோவை ஒரு கடி கடித்துவிட்டு, இது பரவாயில்லை, ஆனால் உள்ளே இருப்பது முழுக்க முட்டைகோஸ் என்று ரகசியமாகச் சொன்னாள்.

தமிழை அவள் அந்தத் தெருவில்தான் கற்றுக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு ஒட்டவில்லை. பூக்கார அக்காவிடமும் பழக்கடை அண்ணனிடமும் பேசிப் பேசி, 'இன்னா', 'கீது' என்றே பேச்சு வந்துவிட்டது. ஆபீஸில் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ளமாட்டாள். தெருக்கோடியிலிருந்த பழைய தியேட்டரில் படம் பார்க்கும்போது ஆரம்பத்தில் நான் காதோரம் வசனங்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறேழு மாதத்தில், நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சிரித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கும் வர ஆரம்பித்தாள். அப்பா சபையில் மூப்பர். ஆராதனை முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, கட்டாயம் வீட்டுக்கு வரணும் என்பார். வந்தாள். அம்மா மீன் குழம்பு வைத்தாள். அப்பா தன் கையாலேயே அவளுக்குப் பரிமாறினார்.

அந்த வருஷம் எங்கள் மாடி போர்ஷன் காலியானது. விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தானே சமைத்துச் சாப்பிட ஒரு சின்ன வீடு தேடிக்கொண்டிருந்தாள். கேட்டாளா, நானே சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. நான்தான் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல பொண்ணுதாம்மா. சாப்பிட வரட்டும், எத்தனை தடவை வேணாலும் வரட்டும். குடி வைக்கிறது வேற."

அவர்கள் சமையல் வாசனை தெருவுக்கே வரும் என்றார். நாளைக்கு அவள் ஊர்ப் பையன்கள் வந்து போவார்கள் என்றார். கிறிஸ்துமஸுக்கு மாட்டுக்கறி வறுக்கும் வீடு எங்களுடையது. அந்த வாசனையும் தெருவுக்கு வரத்தான் செய்யும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் அவளிடம், அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வருகிறாராம், ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம் என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன். அவள் பரவாயில்லை என்றாள். கேண்டீனில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, வழக்கமான சனிக்கிழமை. அவளுக்குப் படூரில் ஒரு வீடு கிடைத்திருந்தது. ஒப்பந்தத்துக்கு ஆதார் நகல் வேண்டும் என்று அந்தத் தெருவிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் சபைக்காரர். வீட்டு புரோக்கர் வேலையும் பார்ப்பார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, மாடி போர்ஷனுக்கு இன்னும் ஆள் அமையலையாமே. அப்பா நேத்துகூட வந்து போர்டுல எழுதச் சொன்னாரு."

கடைக்கு வெளியே கரும்பலகையில் எங்கள் வீடு இருந்தது. சிட்லபாக்கம், மாடி, இரண்டு அறை, தண்ணீர் வசதி உண்டு. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பழகியிருந்தாள். அன்றைக்கும் நின்று நிதானமாகப் படித்தாள். நகல்களை வாங்கிப் பையில் வைத்தாள். நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"குடுக்க மாட்டாங்கன்னு சொல்லியிருந்தா நான் இன்னா கோச்சுக்கவா போறேன்? எல்லா ஊர்லயும் அப்டிதான் கீது. நீ பொய் சொன்னதுதான் பேஜாரா கீது."

எனக்கு அப்பா மேல் பழியைப் போடத்தான் வாய் வந்தது. போட்டேன். அவரைப் பற்றி நிறையப் பேசினேன்.

படத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். போய் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரிக்கவில்லை, நான் எதையும் விளக்கவில்லை. வெளியே வந்ததும் கேளம்பாக்கம் பஸ் நின்றிருந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமை நானே கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் வேறு குழுவுக்கு மாறி வேறு மாடிக்குப் போய்விட்டாள். லிஃப்டில் பார்த்தால் ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அந்தப் பொண்ணு ஏன் சபைக்கே வருவதில்லை என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. மாடிக்கு வங்கி ஊழியர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவர்கள் வீட்டில் தினமும் கருவாடு வறுக்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத் தாம்பரத்தில் வேலை இருந்தால் கிழக்குப் பக்கமாக இறங்கிக்கொள்கிறேன்.