அலாய் வீல் படும் பாடு

வாட்டர் சர்வீஸ் வைத்திருப்பவனிடம் காரின் மேல்பாகத்தைப் பற்றி யாரும் சண்டைக்கு வருவதில்லை. வருகிற சண்டையெல்லாம் சக்கரத்தில்தான் ஆரம்பிக்கும். பிள்ளையார்பாளையம் பக்கம் கடை போட்டிருக்கிறேன். கஸ்டமர் முகத்தில் விழித்தே பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

ஆசிட் அபிஷேகம்

பட்டுக்கடைக்காரர் ஒருவர் புதுக் கார் வாங்கினார். பிரேக் தேய்ந்து பறக்கும் கரித்தூள் அலாய் வீலில் படியும், ஷாம்பூ தண்ணீர் விட்டு மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த முறை வந்தபோது நாலு சக்கரமும் வெந்து தோலுரிந்து, திட்டுத்திட்டாக வெளுத்திருந்தன. பாத்ரூம் ஆசிட்டை ஊற்றி, கம்பி நாரால் தேய்த்திருக்கிறார். இனி கழுவிப் பயனில்லை, புதிதாகப் பூச்சுதான் கொடுக்க வேண்டும் என்றேன். தன் கடையில் புடவை வாங்குகிறவர்களிடம் சோப்பே காட்டாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லும் மனிதர், என்னை முறைத்துவிட்டுச் சொன்னார்:

"பாத்ரூமே பளிச்சுன்னு ஆவுது, இந்தச் சக்கரம் இன்னாபா இவ்ளோ நாசூக்கா இருக்குது?"

பொட்டு

ரிட்டயரான அதிகாரி ஒருவர். வெள்ளிதோறும் அவர் மனைவி நாலு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். கழுவினால் ஆகாது என்று அதன்மேலேயே அடுத்த வாரப் பொட்டு. மகன் ஊரிலிருந்து வருகிறான் என்றதும்தான் அதிகாரிக்கு வெட்கம் வந்தது. ஊறவைத்துத் துடைத்தேன். மூன்று சக்கரம் தெளிந்தது. நாலாவதில் குங்குமச் சிவப்பு பூச்சுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். காருக்குள் இருந்த அவர் மனைவிக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"மூணுல சாமியைக் கழுவி அனுப்பிட்டீங்க, ஒண்ணுல நகரமாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்குது பாருங்க."

பெண் அழைப்பு

ஒரு மாப்பிள்ளை, மாமனார் கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த காரோடு வந்தார். டயருக்குப் பாலிஷ் போட்டு, காயும்வரை எடுக்காதீர்கள் என்றேன். பளபளப்பு போதவில்லை என்று இன்னொரு கை பூசச் சொல்லி, ஈரத்தோடு கிளப்பினார். வழியில் தூசு பட்டால் துடைக்க என்னையும் ஏற்றிக்கொண்டார். டிரைவரை நம்பிக் காரைக் கொடுக்க மனமில்லாமல், பெண்ணை அழைத்துவரத் தானே போனார்.

பெண் ஏறும்போது புடவைக் கரை டயரில் உரசியது. ஜரிகை முழுக்கக் கறுப்பு. அவள் அப்பா தன் தறியிலேயே நெய்த புடவை அது. அவர் குனிந்து, கரையை விரலால் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையும் குனிந்தார், சக்கரத்தைப் பார்க்க. ஜரிகை உரசி அலாயில் கீறல் விழுந்திருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கச் சொன்னார். புடவை வேறு வாங்கிக்கொள்ளலாமாம். கையில் துணியோடு நான் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றேன்.

மறுநாள் தாலி கட்டினார்கள், அது வேறு விஷயம். அன்று காரில் மண்டபம் போய்ச் சேர்ந்தது மாப்பிள்ளையும் நானும்தான். இறங்குவதற்கு முன் பெண் சொன்னது இவ்வளவே:

"அப்போ ஊர்வலத்துல உங்க சக்கரத்தையே உக்கார வைங்க, நான் எங்கப்பாகூட ஸ்கூட்டர்ல வரேன்."

தூசியிலிருந்தும் துருவிலிருந்தும் சக்கரத்தைக் காப்பாற்ற என் கடையில் எல்லா மருந்தும் இருக்கிறது. காரின் சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றத்தான் இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.