பதினேழாவது போர்ட்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது நடந்தது. என் நண்பன் முகிலன் வாய் திறந்து பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பேச வேண்டிய இடத்தில் ஒரே ஒரு முறை பேசாமல் இருந்துவிட்டான். அந்த வெட்கம் தாங்காமல்தான் இதை என்னிடம் சொன்னான். பேய் என்றால் நடுராத்திரி என்று நினைப்போம். இது வந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், வெயில் கொளுத்தும் மதியம் இரண்டரை மணிக்கு.

மேடவாக்கத்தை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் சர்வர் அறை. ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, எல்லாம் அங்கே ஒரு பெரிய சேமிப்பகத்தில் இருக்கும். எந்தக் கணினி அதில் எதைப் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டுக் கட்டுப்படுத்துவதை ஜோனிங் என்பார்கள். பட்டியலில் எண் இல்லாத கணினிக்குச் சேமிப்பகம் கண்ணில் படவே படாது. போகிற வழி இரண்டு: ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி. வழிக்கொரு ஸ்விட்ச், கேபிள்களை இணைக்கும் பெட்டி; பட்டியல் அதில்தான் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும்.

அங்கே பதினாறு வருஷம் வேலை பார்த்தவர் சவுரிமுத்து. அவரிடம் வேலை கற்றுக்கொண்டு கூடவே இருந்தவன் முகிலன். பட்டியலில் கை வைக்கும் முன் அறைக்கே கேட்கும்படி, "நான் எடிட்ல இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் திருத்தினால் கடைசியில் சேமித்தவருடையதுதான் நிற்கும், மற்றவருடையது அழிந்துபோகும்.

பிப்ரவரியில் ஒருநாள் முகிலன் குரல் கொடுக்கவில்லை. சவுரிமுத்து பாதித் திருத்தத்தில் இருந்தபோது இவன் சேமித்துவிட்டான். நாற்பது நிமிடம் எந்த டாக்டருக்கும் ஸ்கேன் படம் வரவில்லை. மேனேஜர் ஜெயஸ்ரீ இருவரையும் உட்காரவைத்து, யார் செய்தது என்று கேட்டார். முகிலன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில், பிறந்து இருபதே நாளான குழந்தை. சவுரிமுத்து அவனை ஒருமுறை பார்த்தார்.

"என் கவனக்குறைவுதான் மேடம்" என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை. ஸ்விட்சிலிருந்து அவருடைய லாகினை நீக்கச் சொன்னார்கள். நீக்கியதும் முகிலன்தான். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. என்ன சொல்லிப் பேசுவான்?

அந்த மே மாத ஞாயிறு, புறநோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டிலிருந்து நான்கு வரை அனுமதி வாங்கியிருந்தார்கள். பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை. முகிலன் மட்டும்தான். அறையில் குளிர்சாதன இரைச்சல். 2.10க்கு ஃபேப்ரிக் ஏ முடிந்தது. அரைமணி நேரம் பொறுத்து, எல்லாக் கணினியும் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் பி-யைத் தொட வேண்டும். அவனுக்குப் பொறுமை இல்லை. சரிபார்க்கவில்லை. டீ குடித்தான், போனில் குழந்தையின் படம் பார்த்தான்.

2.31. ஃபேப்ரிக் பி ஸ்விட்சில் பதினேழாவது போர்ட்டின் விளக்கு பச்சையாக எரிந்தது. அவன் எழுந்து போய்ப் பார்த்தான். கேபிள் செருகினால்தான் அந்த விளக்கு எரியும். அந்த போர்ட்டில் கேபிளே இல்லை.

விளக்கில் ஏதோ கோளாறு என்று திரும்பினான்.

2.38. பின்வரிசையில் கீபோர்டு சத்தம். டக்... டக் டக்... நிதானமாக, ஒரே விரலால் தட்டுவது போல. சவுரிமுத்து அப்படித்தான் தட்டுவார். எட்டிப் பார்த்தான். நாற்காலி காலி.

சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று ஏ-யில் போட்ட அதே பட்டியலை பி-யில் ஏற்றினான். சேமிப்பதுதான் பாக்கி.

2.44. திரையில் ஒரு வரி. வேறொருவரின் திருத்தம் திறந்திருக்கிறது.

பெயர்: சவுரி.

அவன் கையால் நீக்கிய லாகின்.

மீறிச் சேமிக்கவா என்று ஸ்விட்ச் கேட்டது. ஆம் என்று தட்டினான். என்டர் மேல் விரல்.

2.46.

"முகிலா..."

பின்னாலிருந்து. களைத்த குரல்.

"பி-ல நான் எடிட்ல இருக்கேன்பா."

விரல் நகரவில்லை.

திரும்பினான்...

யாரும் இல்லை.

பதினேழாவது விளக்கு அணைந்தது.

பிறகு, அவர் சொல்லிக்கொடுத்தபடி, பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். ஸ்கேன் சர்வரின் எண்ணில் கடைசி இலக்கம் தவறு. அதனால் அந்த சர்வருக்கு ஏ வழி 2.10க்கே அறுந்திருந்தது. ஸ்கேன் படங்கள் பி வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்தன. என்டரைத் தட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். ஏ-யைத் திருத்தினான். பி-யை அன்றைக்குத் தொடவில்லை.

திங்கட்கிழமை ஜெயஸ்ரீயிடம் பிப்ரவரியில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். சவுரிமுத்துவிடம் நேரில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மூன்று வாரம் பிடித்தது. இரண்டு முறை சேலையூர் வரை போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

மாடம்பாக்கத்தில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி கிறிஸ்டினா. தலையில் துணி கட்டியிருந்தார். அண்ணன் இருக்காரா என்று கேட்டான்.

"அவரு போயி ரெண்டு மாசமாச்சு தம்பி. ஏப்ரல்ல. தூக்கத்துலயே."

முகிலன் வாசற்படியிலேயே நின்று பிப்ரவரி விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னான். அந்த அம்மா கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தெரியும். அன்னிக்கே சொன்னாரு. பச்சப்புள்ளக்காரன், விடு கிறிஸ்டினான்னாரு."

அழ ஆரம்பித்தவனின் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அலமாரியிலிருந்து முகிலனின் மருத்துவமனைப் பெயர் போட்ட ஒரு பெரிய உறையை எடுத்து வந்தார்.

"நீங்க அங்கதான வேலை பாக்குறீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. பூசை முடிஞ்சு வந்து படியில வழுக்கி விழுந்துட்டேன். தலைக்குள்ள ரத்தம் கட்டிடுச்சு. படம் உடனே வந்ததாலதான் பொழச்சீங்கன்னாரு டாக்டர்."

முகிலன் ஸ்கேன் படத்தைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தான். மூலையில் பொடி எழுத்தில் கிறிஸ்டினாவின் பெயர். வயது 49. மே மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

படம் எடுத்த நேரம், மதியம் 2.46.