அக்காவுக்கு நான் போர்த்திய கோடி

முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா இல்லை என்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டவர், சொம்பு வருவதற்குள் போய்விட்டார். நல்ல பகல். ஐம்பத்திரண்டு வயதுதான். இப்படியும் நடக்குமா?

அக்கா பிறந்தது அம்மையார்குப்பத்தில், நெசவு வீட்டில். நைனா சீக்கிரமே காலமானதால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூல் சுற்றி என்னைப் படிக்க வைத்தார். நான் படிக்காமல் விசைத்தறி ஓட்டப் போனதற்கு அவரிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. திருத்தணியில் வாழ்க்கைப்பட்டார். பாவாவும் அவரும் பாடுபட்டு ஒரே மகளை, எங்கள் பாப்பாவை, படிக்க வைத்துச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

ஐம்பதாவது வயதில், ஆந்திரப் பக்கம் பஸ் ஏறிப் போய், மரக்கட்டையால் துணியில் பூ அச்சிடவும், வேரிலும் காயிலும் சாயம் காய்ச்சவும் கற்றுக்கொண்டார். "நெய்ற வூட்ல பொறந்துட்டு, கட்டைய வச்சிகினு குத்தப் போறியா?" என்று கிண்டல் செய்தேன். "உனுக்கு லுங்கியத் தவிர இன்னா தெரியும்? போடா" என்றார். முதல் இரண்டு மாதம் கை வீங்கியதுதான் மிச்சம், போட்ட பூவெல்லாம் கோணல். அவர் விடவில்லை. பாப்பாவின் கல்யாணப் புடவையைத் தன் கையாலேயே அச்சிடுவேன் என்று பிடிவாதம்.

ஆடிக் கிருத்திகை அன்று எனக்குச் செய்தி வந்தது. காவடிக் கூட்டத்தால் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, ஓடியே போனேன். கூட்டத்தில் கடைத்தெருவுக்குள் நுழையக்கூட முடியாமல், சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தேன். "தம்பி, பொறந்த வூட்டுக் கோடி எங்கப்பா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டபோதுதான் போர்த்தப் புதுத்துணி இல்லாமல் வெறுங்கையோடு வந்தது உறைத்தது. பதறிப்போய் அக்காவின் பீரோவைத் திறந்தேன். கட்டாத இளமஞ்சள் புடவை ஒன்று மொடமொடவென்று இருந்தது. நான் வாங்கி வந்ததுபோல் அதையே போர்த்தினேன். அதோடுதான் அக்கா போனார்.

பதினாறாம் நாள், அக்காவோடு அச்சு வேலை பயின்ற அம்மா ஒருவர் வந்தார். "கல்யாணப் பொடவைய வேர்ல போட்டுக் கொதிக்க வச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கடுக்காயில் நனைத்த துணி இளமஞ்சளாக இருக்குமாம். அதன்மேல் படிகாரத்தில் அச்சிட்ட பூ கண்ணுக்குத் தெரியாதாம். வேரோடு கொதித்தால்தான் சிவப்பாக எழும்பி வருமாம். மூன்று மாதம் அக்கா குத்திய பூ! துணியைத் தொட்டே நூல் நம்பர் சொல்லும் நான், அதை வெறும் துணி என்று நினைத்துவிட்டேன்.

தலையில் இடி விழுந்தது. எடுத்தது நான்தான் என்று வாயைத் திறக்கவில்லை. எங்கே தேடியும் புடவை கிடைக்காததால், வீட்டில் துணிமணிகளை மடித்து வைத்த பாவாவின் தங்கை மீது சந்தேகம் போனது. "எங்கம்மா செஞ்சத அத்த எட்த்துகினு போய்ட்டாங்க" என்று பாப்பா அழுதாள். அத்தையோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அப்போதும் நான் பேசவில்லை. வெட்கமாக இருந்தது.

நான் பீரோவைத் திறந்தபோது பக்கத்தில் நின்றவரே அந்த அத்தைதான். ஒரு வருடமாகத் திருட்டுப் பட்டத்தைச் சுமந்தார். போன மாதம் போய், "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"பொறந்த வூட்லர்ந்து கோடி வர்லன்னு அண்ணியப் பத்தி யாரும் பேசக் கூடாதுங்க" என்றார்.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட எதிர்வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி. பாவாவின் தங்கைக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பாப்பா, உன் புடவையை எடுத்தது உன் மாமா நான்தான். இன்றைக்கு வரச் சொல்லி அத்தையை மூன்று முறை கூப்பிட்டேன். நீ கூப்பிட்டால்தான் வருவாராம். இலை போடுவதற்குள் போய்க் கூட்டி வாம்மா.