பழைய போல்டரும் பொட்டு வைத்த சிடியும்

ஊருக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் லினக்ஸைத் தமிழில் நாங்கள் சிலர் இலவசமாக உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, சண்டையெல்லாம் மின்மடலில்தான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவில் எனக்கு வாய்த்த வேலை, சர்வரில் ஒரு போல்டரில் கிடந்த பழைய பதிப்புகளைக் கழித்துக்கட்டுவது. புதிய பதிப்பை ஏற்ற இடமில்லை. பழையதில் பாதுகாப்பு ஓட்டைகள் வேறு; அடைக்க ஆளில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று மடற்குழுவில் ஆங்கிலத்தில் அறிவித்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பழையது எதுவுமே ஆகாது. நான் தூக்கிப்போட்ட சாமான்களுக்காக அம்மா இன்னமும் திட்டுகிறாள். ஆனாலும் அழிக்கும் அந்த ஒரு கட்டளையைத் தட்டச் சோம்பல். ஆயுத பூஜை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். குப்பை கூட்டவும் நல்ல நாள் பார்க்கிறீர்களா என்று குழுவில் ஒருவர் எழுதினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பூஜை முடிந்த மறுவாரம் லேபிள் அக்கா போன் செய்தார். எந்தத் தண்ணீரில் துவைக்க வேண்டும் என்று பனியனுக்குள் வைத்துத் தைப்பார்களே, அந்த லேபிளைப் பெருமாநல்லூர் சாலையில் ஒற்றை அறையில் அச்சடித்துக் கொடுப்பவர். அவருடைய கணினியில் எங்கள் லினக்ஸைப் போட்டு, அதன் சிடியையும் கொடுத்துவைத்தவன் நான்.

"ஏனுங்க தம்பி, மெஷினு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. சித்தெ வந்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தால் ஹார்டு டிஸ்க் செத்திருந்தது. வேறு மாட்டி, புதிய பதிப்பைப் போட்டேன். கணினி ஓடியது, லேபிள் பிரிண்டர் அசையவில்லை. அந்த ஆதிகாலத்துப் பிரிண்டரை ஓட்டும் மென்பொருளைப் புதிய பதிப்பில் நாங்கள் சேர்க்கவில்லை. இதையெல்லாம் இன்னும் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

"நான் குடுத்த பழைய சிடி எங்கீங்கக்கா?"

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார். பளபளப்பான பக்கம் முழுக்கக் கீறல்.

"இதுதான் மெஷினுக்கு உசுருன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அதான் பூசையில வெச்சுப் பொட்டு வெச்சேனுங்க. பளபளன்னு இருக்கறதுதானுங்களே மூஞ்சி? சந்தனம் காஞ்சு புடிச்சுக்கிச்சுங்க. தேங்கா நாரைப் போட்டு நல்லாத் தேச்சு வெச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. லேபிள் போகாமல் பனியன் பெட்டிக்குள் போகாது, சனிக்கிழமை ஷிப்மென்ட்.

"இருக்கறது ஒரே பார்ட்டிங்க தம்பி. அவிய ஒருக்கா வேற பக்கம் போயிட்டா, நான் ஷட்டரை இழுத்துட வேண்டியதுதானுங்க."

கம்பெனிக்கு ஓடிவந்து சர்வரைத் திறந்தேன். என் சோம்பேறித்தனத்தின் புண்ணியத்தில் பழைய போல்டர் அப்படியே இருந்தது. வேண்டியதை இறக்கி, சிடியில் எழுதி எடுத்துப்போனேன். பிரிண்டர் கொஞ்சம் முனகிவிட்டு ஒரு லேபிளைத் துப்பியது. அக்கா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதையெல்லாம் எத்தன பொறுப்பா எடுத்து வெச்சிருந்தீங்க பாருங்க. நல்லா இருக்கோணும் நீங்க."

கூச்சத்தில் நெளிந்தேன். புதிய சிடியில் எந்தப் பக்கம் பொட்டு வைக்கலாம் என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தக் கட்டளையைத் தட்ட உட்கார்ந்தேன். கை வரவில்லை. அக்காவுக்கு என் போன் நம்பர் தெரியும். மற்ற ஊர்களில், மடற்குழு என்று ஒன்று இருப்பதே தெரியாமல், இதே பதிப்பை நம்பிக் கடை திறப்பவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? எல்லாவற்றையும் என் சொந்த டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டேன். பிறகு சர்வரில் அழித்தேன். காலியான போல்டரில் ஒரே ஒரு கோப்பை வைத்தேன். பழைய பதிப்பு வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று தமிழில் எழுதி, கீழே என் நம்பர்.

இதுவரை யாரும் கூப்பிடவில்லை. அதன்பிறகு எத்தனையோ போன்களை மாற்றித் தூக்கிப்போட்டுவிட்டேன். நம்பரை மட்டும் மாற்றவில்லை.